டூ: வேலை இல்லாத ஒரு வேலைக்காரனின் கதை

ஆங்கிலத்துல 'டூ'ன்னு ஒரு வினைச்சொல் இருக்கு. ரெண்டே எழுத்து. எல்கேஜி குழந்தைக்கும் தெரியும். ஆனா மொழியியல் படிக்கிறவங்க நூறு வருஷத்துக்கும் மேலா இதை வச்சு அடிச்சிக்கிட்டிருக்காங்க. இந்தப் பதிவு அந்த டூவோட வரலாறு. இலக்கண வகுப்புன்னு நெனச்சு உடனே விண்டோவை மூடிடாதீங்க மக்களே. ராஜா, ராணி, கவிஞர், கழுத்துல மரக்கட்டை மாட்டின பள்ளிக்கூடப் பசங்கன்னு எல்லாரும் வருவாங்க.

(டிஸ்கி: நான் படிக்கிறது பொறியியல் முதுகலை. மொழியியல் எனக்குப் பொழுதுபோக்கு மட்டும்தான். துறை ஆட்கள் படிச்சா அடிக்க வராதீங்க, பின்னூட்டம் போடுங்க.)

மொதல்ல மேட்டர் என்னன்னு சொல்லிடறேன். டூவுக்கு ரெண்டு வேஷம். 'ஐ டிட் த ஒர்க்'னு சொன்னா அது நிஜமான வேலை, செய்தேன்னு பொருள். 'டூ யூ நோ ஹிம்?'னு கேட்டா? அதுல டூவுக்கு என்ன பொருள்? யோசிச்சுப் பாருங்க, ஒண்ணுமே இல்ல. தெரியுமான்னு கேக்கறதுக்கு 'நோ'வே போதும். ஜெர்மன்காரன் 'ஷ்ப்ரெஷன் ஸீ டாய்ச்?'னு, அதாவது 'பேசறீங்க நீங்க ஜெர்மன்?'னு வினைச்சொல்லை முன்னால தூக்கிப் போட்டுக் கேட்டுடறான். பிரெஞ்சுக்காரனும் 'பார்லே வூ'ன்னு அதையேதான் செய்யறான். ஆங்கிலம் மட்டும் கேள்வி கேக்கவும், இல்லைன்னு சொல்லவும் பொருளே இல்லாத ஒரு ஆளை வாசல்ல நிறுத்தி வச்சிருக்கு. காலத்தையும் ஆளையும் அவன் சுமப்பான் (டூ, டஸ், டிட்). நிஜ வினைச்சொல் பின்னால கையை வீசிக்கிட்டு வரும்.

இந்த ஆள் எங்கேருந்து வந்தான்?

பூர்வீகம்

டூ பழங்காலக் குடும்பம். இந்தோ ஐரோப்பிய மூலமொழியில 'வை, இடு' என்ற பொருள் தந்த ஒரு வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தின் 'தா' (தாதுன்னு சொல்றோமே, அந்த 'தா'), லத்தீனின் 'ஃபாகெரெ', கிரேக்கத்தின் 'டிதேமி' எல்லாம் ஒண்ணுவிட்ட சொந்தம். அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் 'தீஸிஸ்' வந்தது. ஆக, நான் இன்னும் எழுத ஆரம்பிக்காத தீஸிஸுக்கும் 'டூ'வுக்கும் ஒரே கொள்ளுப்பாட்டி :) ஆங்கிலத்துக்குள்ளேயே 'டீட்' (செயல்), 'டூம்' (தீர்ப்பு, அழிவு) இரண்டும் இதே வீட்டுப் பிள்ளைகள். சட்டை போட்டுக்கறதைச் சொல்லும் 'டான்', தொப்பியைக் கழட்டறதைச் சொல்லும் 'டாஃப்' ரெண்டும் 'டூ ஆன்', 'டூ ஆஃப்' சுருங்கினதுதான்.

இன்னொரு சுவாரசியம். 'வாக்ட்', 'லவ்ட்'னு இறந்தகாலத்துக்கு ஒரு 'ட்' ஒட்டறோமே, அது ஆதி ஜெர்மானிய மொழியில வினைச்சொல்லுக்குப் பின்னால ஒட்டிக்கிட்ட 'டூ'வின் மிச்சம்னு நிறைய அறிஞர்கள் சொல்றாங்க. எல்லாரும் ஒத்துக்கலை. ஆனா அது உண்மைன்னா, 'டூ' ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை ஆங்கிலத்துக்கு எடுபிடி வேலை பார்த்திருக்கு.

டூ இல்லாத ஆங்கிலம்

ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஆங்கிலத்துல 'நான் சொல்லவில்லை' என்பதை 'இச் நெ செட்ஜெ'ன்னு சொன்னாங்க. 'நெ' என்பதுதான் இல்லை. அந்த 'நெ' பேச்சுல தேஞ்சு காதுல விழாம போக ஆரம்பிச்சதும், பலம் சேர்க்கப் பின்னால ஒரு 'நாட்' போட்டாங்க. அப்புறம் 'நெ' உதிர்ந்துபோய் 'ஐ சே நாட்' ஆச்சு. அதுக்கப்புறம்தான் 'ஐ டூ நாட் சே', கடைசியா 'ஐ டோன்ட் சே'. இந்தப் படிவரிசையை 1917ல் எழுதி வச்சவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பெர்சன். ஆங்கில இலக்கணத்தை உட்கார்ந்து எழுதின பெரிய மனுஷன் ஆங்கிலேயர் இல்ல என்பதை நோட் பண்ணிக்கோங்க.

பொருளே இல்லாத துணைவினையா 'டூ' எழுத்துல தலைகாட்டறது 13ஆம் நூற்றாண்டில், அதுவும் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதிச் செய்யுள்களில். செய்யுள்ல ஏன்? கவிஞர்களுக்கு வசதி சார். 'டிட்'டை முன்னால போட்டுட்டா, நிஜ வினைச்சொல் மாறாம வரிக் கடைசிக்குப் போயிடும், இயைபு பிடிக்கறது சுலபம். ஓர் அசை குறைஞ்சா 'டூ'வைச் செருகிக்கலாம். 15ஆம் நூற்றாண்டின் ஜான் லிட்கேட் மாதிரி ஆட்கள் இதைத் தாராளமாச் செஞ்சாங்க. இந்தப் பழக்கத்தை 1711ல் அலெக்சாண்டர் போப் ஒரு வரியில கிண்டலடிச்சார். கிண்டலடிச்ச வரிக்குள்ளேயே தேவையில்லாத ஒரு 'டூ'வைச் செருகிக் காட்டினார். குசும்பு!

ஸ்வீடன்காரர் எண்ணிய கணக்கு

1953ல் ஆல்வர் எல்லெகோர்ட் என்ற ஸ்வீடன் அறிஞர் ஒரு வேலை செஞ்சார். கம்ப்யூட்டர் கைக்கு வராத காலம். 14ஆம் நூற்றாண்டு கடைசியிலேருந்து 1700 வரைக்குமான ஆங்கில உரைநடைகளை எடுத்து, எங்கெல்லாம் டூ வருது, எங்கெல்லாம் வரலைன்னு கையாலேயே எண்ணினார். அவர் போட்ட வரைபடத்தை இன்னிக்கும் மொழியியல் வகுப்புகள்ல காட்டறாங்க.

அந்தப் படத்துல கேள்வி வாக்கியங்களின் கோடு மேலே ஏறுது. எதிர்மறை வாக்கியங்களின் கோடு கொஞ்சம் பின்தங்கி ஏறுது. ஆனா சாதாரண வாக்கியம், அதாவது அழுத்தம் எதுவும் இல்லாம 'ஐ டூ கோ'ன்னு சொல்றது, 16ஆம் நூற்றாண்டின் மூன்றாம் கால்பகுதியில கிட்டத்தட்ட பத்து சதவீதம் வரைக்கும் ஏறிட்டு, அப்படியே கவுந்துடுது. இன்னிக்கு அழுத்திச் சொல்றதுக்கு மட்டும்தான் அது மிச்சம். 'ஐ டூ நோ!'ன்னு கோபமாச் சொல்றோமே, அது.

ஏன் கவுந்துச்சு? ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆர்யா நுர்மி அந்தக் காலக் கடிதங்களை ஆராய்ஞ்சு 1999ல் ஒரு விளக்கம் சொன்னார். 1603ல் முதலாம் எலிசபெத் ராணி இறந்துட, ஸ்காட்லாந்து ராஜா ஆறாம் ஜேம்ஸ், இங்கிலாந்துக்கு முதலாம் ஜேம்ஸா லண்டன் வந்தார். கூடவே ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் கூட்டம். அவங்க பேச்சுல இந்தச் சும்மா டூ கிடையாது. சாதாரண வாக்கிய டூ கடிதங்கள்ல சடார்னு குறையறதும் அந்த வருஷங்கள்லதான். அரண்மனை எப்படிப் பேசுதோ ஊரும் அப்படிப் பேசும், இல்லையா? இது ஒரு கருதுகோள்தான். ஆனா ராஜா மாறினா இலக்கணமும் மாறலாம்கறது எனக்குப் பிடிச்சிருக்கு.

ஷேக்ஸ்பியர் (1564-1616) சரியா இந்தக் கலாட்டாவுக்கு நடுவுல எழுதினவர். அதனால அவர்கிட்ட டூ போட்ட கேள்வியும் இருக்கும், போடாத கேள்வியும் இருக்கும். 'ஐ நோ நாட்', 'ஐ டூ நாட் நோ' ரெண்டுமே அவருக்குச் சரி. அசை கணக்குக்கு எது ஒத்து வருதோ அது. 1611ல் வெளிவந்த ஜேம்ஸ் ராஜா பைபிள்ல 'சாப்பிட்டான்'கறதுக்கு 'டிட் ஈட்'னே திரும்பத் திரும்ப வரும். ஆக, இன்னிக்கு நம்ம பரீட்சைப் பேப்பர்ல சிவப்பு மை வாங்கற வாக்கியங்கள் அன்னிக்கு மகாகவி நடை. எல்லெகோர்ட் கவனிச்ச இன்னொண்ணு: 'நோ', 'கேர்', 'டவுட்' மாதிரி சில வினைச்சொற்கள் மட்டும் மத்ததெல்லாம் மாறின பிறகும் டூவை உள்ளே விடாம ரொம்ப நாள் முரண்டு பிடிச்சிருக்கு. 'ஐ நோ நாட்' இன்னமும் பழைய நடையில காதுல விழறது அதனாலதான். இந்த 'நோ'வை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழே வேலை இருக்கு.

யார் வீட்டுச் சரக்கு?

இப்பத்தான் அடிதடி ஆரம்பிக்குது.

ஒரு கட்சி, எல்லெகோர்ட் கட்சி: பழைய ஆங்கிலத்துல 'டூ'வுக்குச் 'செய்ய வை' என்ற பொருளும் உண்டு. 'ராஜா கோட்டை டிட் கட்ட'ன்னா ராஜா கட்ட வச்சார். ராஜா கட்ட வச்சாலும் ராஜா கட்டினார்னுதானே சொல்றோம்? தஞ்சாவூர்க் கோயிலைக் கட்டினது யாருன்னா ராஜராஜன்னுதான் சொல்வோம். ராஜராஜன் என்ன கல்லா சுமந்தார்? அப்படியே 'வைத்தார்' தேஞ்சு, டூ பொருளிழந்து போச்சு.

இன்னொரு கட்சி: இது பிரிட்டனின் பூர்வகுடிகளான கெல்ட் மக்களின் சரக்கு. நான் இருக்கறது வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப்ல. இங்கே ரோட்டுல 'ஸ்லோ'வுக்குப் பக்கத்துல 'அராஃப்'னு எழுதியிருக்கும். வெல்ஷ் மொழி. அந்த மொழியில 'செய்' என்ற வினைச்சொல்லைத் துணைவினையாப் போடறது ரொம்ப சகஜம். 'நான் பார்த்தேன்' என்பதை 'நெஸ் ஈ வெல்ட்'ன்னு சொல்வாங்க, நேரடியா எடுத்தா 'செய்தேன் நான் பார்க்க'. கேள்வியும் அதே மாதிரி, 'செய்தாயா நீ பார்க்க?' அதாவது 'டிட் யூ சீ?' அச்சு அசல். பக்கத்து கார்ன்வால் மொழியிலும் இதே பழக்கம். ஆங்கில டூ முதல்ல தலைகாட்டினது எங்கே? தென்மேற்கு, கார்ன்வாலுக்குப் பக்கத்துல. அமெரிக்க அறிஞர் ஜான் மெக்வோர்ட்டர் 2008ல் எழுதின புத்தகத்துல இந்தக் கட்சிக்குச் சத்தமா வாதாடறார்.

எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? ஆங்கிலோ சாக்சன்கள் வந்தது 5ஆம் நூற்றாண்டு, டூ எழுத்துல வந்தது 13ஆம் நூற்றாண்டு. நடுவுல எட்டு நூற்றாண்டு எங்கே ஒளிஞ்சிருந்துச்சு? ஆங்கிலத்துல கெல்டிக் சொற்களே விரல் விட்டு எண்ணற அளவுதானே? அப்புறம், ஜெர்மன் வட்டார வழக்குகள்ல 'இஷ் டூ லேஸன்' (நான் டூ படிக்க) மாதிரி இருக்கே, அங்கே எந்த வெல்ஷ்காரன் போனான்? இதுக்கு மெக்வோர்ட்டர் பதில்: எழுத்துல இருந்தது படிச்சவன் மொழி, வயல்ல பேசினது எழுத்துக்கே வரலை.

என்னைக் கேட்டா, அந்த பதில்ல நியாயம் இருக்கு. தமிழ் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'போய்க்கிட்டிருக்கேன்'னு பேசற நாம பரீட்சையில 'சென்றுகொண்டிருக்கிறேன்'னுதானே எழுதறோம். நம்ம விடைத்தாள்களை மட்டும் வச்சு எவனாவது நாம எப்படிப் பேசினோம்னு கண்டுபிடிச்சுடுவானா? ஆனா, எழுத்துல இல்லாததை ஆதாரமாக் காட்டவும் முடியாது. தீர்ப்பு நிலுவையில்.

எங்கேருந்து வந்திருந்தாலும், ஏன் நின்னுச்சுன்னு பார்த்தா அதுக்கும் காரணம் தெரியுது. ஆங்கிலத்துல வேற்றுமை உருபு எல்லாம் உதிர்ந்துபோச்சு. யார் யாரைப் பார்த்தாங்கறது சொல் வரிசையில மட்டும்தான் தெரியும். 'சா ராமு சோமு?'ன்னு கேட்டா யார் யாரைப் பார்த்தான்? 'டிட் ராமு சீ சோமு?'ன்னா குழப்பமே இல்ல. நமக்கு 'ஐ' உருபு பார்த்துக்கற வேலையை அவங்களுக்கு டூ பார்க்குது. தவிர, 'கேன்', 'வில்', 'மஸ்ட்' எல்லாம் ஏற்கெனவே அந்த இடத்துல நின்னு கேள்வியும் எதிர்மறையும் போட்டுக்கிட்டிருந்தாங்க. காலியா இருந்த நாற்காலியில டூ உட்கார்ந்துச்சு, அவ்வளவுதான்.

கட்டையும் கழுத்தும்

18ஆம் நூற்றாண்டுல இலக்கணக்காரங்க பிரம்போட வந்தாங்க. 1755ல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியோட சேர்த்த இலக்கணத்துல, சும்மா 'ஐ டூ லவ்'னு சொல்றது கெட்ட பேச்சுவழக்கா எண்ணப்படுதுன்னு எழுதினார். இருநூறு வருஷம் முன்னால அரண்மனையில புழங்கினது, இப்ப கெட்ட வழக்கு. டார்செட், சாமர்செட் கிராமத்துச் சனங்க 'வழக்கமாப் போவேன்' என்ற பொருள்ல 'ஐ டூ கோ'ன்னு அதுக்கப்புறமும் சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. அதுல ஒரு நயமான பொருள் வேறுபாடே இருக்கு. ஆனா ஊர் வச்ச பேர், பட்டிக்காட்டான்.

வேல்ஸ்ல இன்னும் மோசம். 19ஆம் நூற்றாண்டுல இங்கே பல பள்ளிக்கூடங்கள்ல 'வெல்ஷ் நாட்'னு ஒரு மரக்கட்டை இருந்துச்சு. வெல்ஷ்ல பேசின பிள்ளையின் கழுத்துல அதை மாட்டுவாங்க. அடுத்து எவன் வெல்ஷ்ல வாயைத் திறக்கறானோ அவன் கழுத்துக்கு அது மாறும். சாயங்காலம் மணி அடிக்கும்போது யார் கழுத்துல இருக்கோ அவனுக்கு அடி. ஒருத்தனை ஒருத்தன் காட்டிக்கொடுக்க வைக்கிற ஏற்பாடு. அரசாங்கச் சட்டம் எதுவும் இப்படிச் சொல்லலை, பள்ளிக்கூடங்களா வச்சுக்கிட்டது. 1847ல் வந்த அரசு அறிக்கை வேறு வெல்ஷ் மொழியை முன்னேற்றத்துக்குத் தடைன்னு எழுதி வச்சுது. 2021 கணக்கெடுப்புல வேல்ஸ்ல வெல்ஷ் பேசத் தெரியும்னு சொன்னவங்க 17.8 சதவீதம்.

இப்ப அந்தக் கெல்டிக் கட்சி சொல்றது மட்டும் உண்மைன்னு வச்சுக்கோங்க. 'டூ யூ ஸ்பீக் இங்கிலீஷ்?'னு கேட்டு அடிச்சவன், கேள்வி கேக்கற முறையையே அடி வாங்கினவனோட பாட்டன்கிட்டேருந்து வாங்கியிருக்கான்.

நம்ம ஊர் டூ

இதை எல்லாம் படிக்கும்போது நம்ம தமிழ் வந்து நடுவுல உட்கார்ந்துக்குது. 'டவுன்லோட் பண்ணு', 'மிஸ் பண்ணாதே', 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ'. அந்நிய வினைச்சொல் எதுவானாலும் அப்படியே மொட்டையா நிக்கும், காலம் இடம் எல்லாத்தையும் 'பண்ணு' சுமக்கும். தமிங்கிலம்னு திட்டறோம். திட்டலாம். ஆனா இந்திக்காரன் 'கர்னா'வை வச்சும் ஜப்பான்காரன் 'சுரு'வை வச்சும் செய்யறது இதேதான்.

அதைவிட ஆழமான ஒற்றுமை ஒண்ணு இருக்கு. பழந்தமிழ்ல எதிர்மறைக்குத் துணைவினை வேண்டாம். அறியேன், செய்யேன், உண்ணேன். ஒரே சொல்லு. இது 'ஐ நோ நாட்' காலம்னு வச்சுக்கோங்க. இன்னிக்கு? அறியவில்லை, செய்யவில்லை, உண்ணவில்லை. நிஜ வினைச்சொல் காலம் எதுவும் இல்லாம 'செய்ய'ன்னு மொட்டையா நிக்குது, 'இல்லை' வந்து வேலையைப் பார்க்குது. 'டிட் நாட் டூ' இதேதானே! அங்கே 'டூ நாட்' சுருங்கி 'டோன்ட்' ஆச்சு. இங்கே 'செய்யவில்லை' சுருங்கி 'செய்யல' ஆச்சு. அங்கே 'நோ' கடைசிவரை முரண்டு பிடிச்ச மாதிரி, இங்கேயும் 'அறியேன்' இன்னும் எழுத்துல உயிரோட இருக்கு. ரெண்டு மொழிக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாமலே நடந்த ஒற்றுமை.

இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்கறேன்னா, எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல (பேர் வேண்டாம்) ஆறாம் வகுப்புல ஒரு பையன் 'ஐ டிட் நாட் வென்ட் சார்'னு சொல்லிட்டான். பெஞ்சு மேல ஏத்தி, அதையே பீரியட் முழுக்கச் சொல்ல வச்சாங்க. வகுப்பே சிரிச்சுது. அன்னையிலேருந்து அவன் பேரே 'வென்ட்'. தமிழ்ல பேசினா அபராதம் போடற பள்ளிக்கூடம் அது. ஆக, இங்கிலீஷ்ல பேசினா சிரிப்பு, தமிழ்ல பேசினா அஞ்சு ரூபா. அவன் பேசறதையே விட்டுட்டான். இப்ப சொந்தமா ஒர்க்‌ஷாப் வச்சு நல்லா இருக்கான். ஆனா இங்கிலீஷ்ல போன் வந்தா இன்னிக்கும் தம்பி கையில கொடுத்துடுவான்.

அவன் முட்டாள்தனமா எதுவும் சொல்லலை. 'போனாயா'ன்னு கேக்கும்போது தமிழ்ல காலம் நிஜ வினைச்சொல்லோடவே இருக்கும். அந்தப் பழக்கம்தான் 'டிட் யூ வென்ட்'. அது அப்படியே 'டிட் நாட் வென்ட்'டுக்கும் தொத்திக்குது. திருத்தறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும்: "ஏன்டா, 'போனவில்லை'ன்னு சொல்றோமா? 'போகவில்லை'ன்னுதானே சொல்றோம்? அதே மாதிரி 'டிட்' வந்துட்டா 'வென்ட்' மறுபடி 'கோ' ஆயிடும்." அவ்வளவுதான். தமிழ் தெரிஞ்ச பிள்ளைக்கு இந்த விதி ஏற்கெனவே தெரியும். தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்திட்டா அந்தச் சாவியும் வெளியே போயிடுது.

விதி வேண்டாம்னு நான் சொல்லலை. நேர்முகத் தேர்வுல 'டிட் நாட் வென்ட்'னா வேலை கிடைக்காது, அது நிஜம். ஆனா அந்த விதி கல்வெட்டு இல்ல. இங்கே நிலைச்சு முன்னூறு நானூறு வருஷம்தான் ஆச்சு. அதுக்கு முன்னால கவிஞரும் ராணியும் குடியானவனும் ஆளுக்கு ஒரு மாதிரி பேசியிருக்காங்க, யாரையும் யாரும் பெஞ்சு மேல ஏத்தலை.

வாத்தியார் வேலை பார்க்கற பதிவர்கள், வீட்டுல பசங்களுக்குச் சொல்லித் தர்றவங்க யாராவது 'போனவில்லை' வைத்தியத்தைச் செஞ்சு பார்த்தா, பலிச்சுதா இல்லையான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. உங்க ஊர் வகுப்புல 'டிட்'டுக்கு வேற ஏதாவது நல்ல குறுக்குவழி இருந்தா அதையும் போடுங்க, பதிவுல சேர்த்துடறேன். அடுத்த பதிவுல 'கெட்'. அது இன்னும் பெரிய ரவுடி.